தெளிந்த நீரும் தெளிந்த அறிவும்

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டைக்கு அணித்தே, பனமலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பாறைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில் நிற்கின்றது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. அதன் சுவரில் எஞ்சியுள்ள அம்மையின் ஓவியத்தைக் காண்பதற்குக் கலையறிஞர் பலர் அவ்வூருக்குச் செல்வர். குன்றின்மேல் நின்று நோக்குவார்க்குக் கீழே ஓர் ஏரி விரிந்து கிடப்பது தெரியும். கோயிலைக் காணச் செல்வோர் அவ்வேரியையும் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். பாறையும் வெயிலும் மிகுந்த அந்நிலத்தில் மழைநீரைத் தேக்கி வைத்தமையாலன்றோ ஊர் நிலைத்தது?

செஞ்சிக் கோட்டையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. குன்றுகள் மூன்றனை மதிலால் இணைத்துக் கட்டிய அக்கோட்டையினுள் சக்கரக்குளம், செட்டிக்குளம் முதலிய நீர்நிலைகள் உள்ளன. மண்குழாய்களின் வழியே மாளிகைக்கு நீர் கொண்டு செல்லும் ஏற்பாடும் அங்கு இருந்தது. மராட்டிய மன்னர் இராசாராம் அக்கோட்டையில் தங்கியிருந்த காலத்தில், 1690 முதல் 1698 வரை முகலாயர் படை அதனை முற்றுகையிட்டது. உள்ளே நீர்வளம் இல்லாதிருந்தால் மதிலின் உயரமும் குன்றின் செங்குத்தும் அத்துணை ஆண்டுகள் என்ன பயன் தந்திருக்கும்? 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டைக்குச் செல்லும் மாணவர்கள், பீரங்கி மேட்டைக் காண்பது போலவே குளங்களையும் காண்பாராக.

நம் முன்னோர் நீரைத் தேக்கும் கலையில் வல்லவர். எனினும், தேக்கிய நீர் பருகத் தக்கதா என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? கண்ணும் மூக்கும் நாவுமே அவர்களுக்குக் கருவிகள். தெளிவாக இருப்பது, நாற்றம் இல்லாதது, சுவையுடையது ஆகிய நீரே நல்ல நீர் என்று கொண்டனர். அக்காலத்திற்கு அது பெரிய அறிவே. ஆனால் அவ்வறிவு மட்டுமே இன்றும் போதுமா என்பதுதான் நாம் ஆராய வேண்டிய செய்தி.

இவ்வாராய்ச்சி இன்று ஏன் வேண்டுவதாயிற்று என்று கேட்கலாம். முன்பு திண்ணைதோறும் பேசப்பட்ட மருத்துவச் செய்திகள் இப்பொழுது கைப்பேசியின் வழியாக வீடுதோறும் வந்து சேர்கின்றன. 'நெருப்பில் இட்ட உணவு செத்த உணவு. பச்சையாக உண்பதே இயற்கை' என்கின்றது ஒன்று. 'காய்ச்சிய நீர் உயிரற்ற நீர். ஊற்று நீரை அவ்வாறே பருகுக' என்கின்றது மற்றொன்று. 'பழம் உண்பவர்க்குத் தண்ணீரே வேண்டா' என்பார் ஒருவர். 'விழித்தவுடன் பல லிட்டர் நீர் பருகினால் எந்நோயும் அணுகாது' என்பார் வேறொருவர். 'காரத்தன்மை ஊட்டிய நீர் குருதியைத் தூய்மையாக்கும்' என்று கூறி விலையுயர்ந்த பொறிகளை விற்போரும் உளர். இவற்றுள் ஒன்று மற்றொன்றோடு முரண்படுகின்றது. எனினும் எல்லாம் ஒரே உறுதியோடு கூறப்படுகின்றன! உறுதியான குரலே உண்மைக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

பழையன எல்லாம் பொய் என்று தள்ளுவதும் அறிவுடைமை ஆகாது. நம் நாட்டுப்புறங்களில் கலங்கிய நீரைத் தெளிவிப்பதற்குத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பது வழக்கம். சற்று நேரத்தில் சேறு அடியில் படியும். மேல்நீர் தெளிந்து நிற்கும். அக்கொட்டையில் உள்ள பொருள் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துத் திரளச் செய்கின்றது. திரண்டவை கனத்துக் கீழே அமிழ்கின்றன. நகரங்களின் நீரேற்று நிலையங்களில் படிகாரம் இடுவதும் இதே நோக்கம் பற்றியே. செப்புக் குடத்தில் நீரை வைத்துப் பருகும் வழக்கமும் அத்தகையது. பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், நோய்க்கிருமிகளைக் கலந்த நீரைச் செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்துச் சோதித்தனர். வயிற்றுப்போக்கை விளைக்கும் கிருமிகள் அந்நீரில் மடிந்துபோயின என்று 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர். முன்னோர் வழக்கம் ஒன்று ஆய்வு என்னும் உரைகல்லில் உரைக்கப்பட்டுப் பொன் என்றே தெரிந்தது.

ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு. தேற்றாங்கொட்டை சேற்றைப் போக்கும். தெளிந்த மேல்நீரிலும் கிருமிகள் எஞ்சியிருக்கக்கூடும். செம்பு கிருமியைக் கொல்லும். அதனால் மூட்டுவலியும் நரையும் நீங்கும் என்பதற்கு அந்த ஆய்வு சான்று ஆகாது. குடிநீரில் செம்பின் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக நல்வாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஆகவே, மிகுதியும் தீதே. ஒரு கூற்று எதுவரை மெய்ப்பிக்கப்பட்டதோ அதுவரை நம்புக. அதற்கு மேல் ஒட்டவைத்த புகழ்ச்சியை நம்பற்க.

கண்ணும் நாவும் நம்மை எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறலாம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அந்நகரின் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவியது. பத்து நாள்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று அறிஞர் பலர் அந்நாளில் கருதினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எந்நீரைப் பருகினர் என்று வினவினார். பிராட் தெருவில் இருந்த ஓர் அடிகுழாயின் நீரையே அவர்களுள் மிகப் பலர் பருகினர் என்பது தெரிந்தது.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. இறவாதவர் எந்நீரைப் பருகினர் என்றும் வினவினார். அத்தெருவிலேயே இருந்த மதுவடிசாலையின் தொழிலாளர் எழுபதின்மருக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் அந்த அடிகுழாய் நீரைப் பருகியவர் அல்லர். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் என்னும் இடத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரோ அந்நோயால் இறந்தார். அவ்விடத்தில் அந்நோய் பரவவில்லை. ஆராய்ந்தபோது, அந்த அம்மையார் பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி, அதனை நாள்தோறும் தம் வீட்டிற்கு வருவித்துப் பருகியவர் என்பது புலப்பட்டது. சுவையுடைய அந்நீரே அவர் உயிரைக் கொண்டது! செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1884இல், ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்து நீரில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார்.

கிருமி மட்டுமே நீரின் குற்றம் என்று எண்ணுதலும் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைகளினின்று கரைந்த புளோரைடு என்னும் பொருள் நிலத்தடி நீரில் மிகுதியாகக் கலந்துள்ளது. அந்நீர் பளிங்கு போல் தோன்றும். நாவுக்கும் தீது புலப்படாது. ஆண்டுக்கணக்கில் அதனைப் பருகிய சிறுவர்களின் பற்களில் கறை படிந்தது. முதியோர் சிலரின் எலும்புகள் விறைத்தும் வளைந்தும் போயின. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காவிடத்தும் 1.5 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது என்பது இந்திய நியமம். இத்துன்பத்தை நீக்கும் பொருட்டே காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது. பாறையில் ஊறிய நீர் இயற்கை நீரே. அது தந்த நோயும் இயற்கையான நோயே. ஆதலின், 'இயற்கை' என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஐயம் நீங்கிவிடுதல் தகாது.

இனி, 'காய்ச்சிய நீர் செத்த நீர்' என்னும் கூற்றை நோக்குவோம். நீரைக் காய்ச்சும்பொழுது அதில் கரைந்துள்ள காற்று வெளியேறுகின்றது. அதனால் சுவை சப்பென்று ஆகின்றது. இவ்வளவே இக்கூற்றில் அடங்கிய உண்மை. ஆறிய நீரை இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றினால் காற்று மீண்டும் கலக்கும், சுவையும் மீளும். உயிர் நீங்குவது கிருமிக்கேயன்றி நீருக்கு அன்று. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் மடியும். ஆனால் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு சற்று மிகவும் கூடும். ஆகவே, காய்ச்சுதலும் எல்லாக் குற்றத்திற்கும் மருந்து அன்று. எந்நீரில் என்ன குற்றம் என்று அறிந்து, அதற்கேற்ற வழியை மேற்கொள்ளுதலே அறிவுடைமை. நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்து செய்க என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனுக்குக் கூறும் நெறி நீருக்கும் பொருந்தும்.

பச்சை உணவைப் பற்றியும் இவ்வாறே நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அக்கொள்கையில் நன்மை இல்லாமல் இல்லை. நெல்லி, கொய்யா, எலுமிச்சை முதலியவற்றில் உள்ள வைட்டமின் 'சி' சூட்டினால் பெரிதும் சிதைகின்றது. பழங்களையும் வெள்ளரி, முள்ளங்கி போன்றவற்றையும் பச்சையாக உண்பது நலம் பயக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பிர்ஷர்-பென்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழமும் தவிடு நீங்காத தானியமும் நோயாளர்க்கு நல்லன என்று கூறியபொழுது பலர் நகைத்தனர். இன்று பழத்தையும் காயையும் மிகுதியாக உண்ணுமாறு மருத்துவர் அனைவரும் கூறுகின்றனர்.

ஆயினும், சில பொருள்களைப் பச்சையாக உண்பது நன்று என்பதினின்று எல்லாப் பொருள்களையும் பச்சையாகவே உண்க என்னும் முடிவு பிறவாது. மரவள்ளிக் கிழங்கைக் காண்க. அதனைப் பச்சையாக உண்டால் அதிலுள்ள ஒரு பொருள் சிதைந்து நஞ்சாகின்றது. வேகவைத்து நீரை இறுத்தபின் அதுவே ஏழையின் பசியாற்றும் நல்லுணவு ஆகின்றது. பச்சை மொச்சையும் பிற பயறுகளும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டவை. வேகும்பொழுது அவை அழிகின்றன. தக்காளியின் செந்நிறச் சத்தும், கேரட்டின் மஞ்சள்நிறச் சத்தும் சமைத்தபின் உடலில் எளிதாகச் சேர்கின்றன. அரிசியும் பருப்பும் வெந்தாலன்றி நமக்கு உணவாவதில்லை. நெருப்பு சிலவற்றை அழிக்கின்றது, சிலவற்றை ஆக்குகின்றது. எதனை அழிக்கின்றது, எதனை ஆக்குகின்றது என்று பொருள்தோறும் பார்த்தல் வேண்டும்.

'பச்சை உணவில் உள்ள நொதிகளே உணவைச் செரிக்கச் செய்கின்றன. நெருப்பு அவற்றைக் கொன்றுவிடுகின்றது' என்று அக்கொள்கையினர் கூறுவர். நொதிகள் புரதப் பொருள்கள். இரைப்பையின் கடும் புளிப்பில் அவற்றுட் பெரும்பாலன பிற புரதங்களைப் போலவே சிதைகின்றன. நாம் உண்டதைச் செரிக்க வேண்டிய நொதிகளை நம் வாயும் இரைப்பையும் கணையமும் குடலுமே சுரக்கின்றன.

காந்தியடிகள் இப்பொருளில் நமக்கு ஒரு வழிகாட்டி. 1929ஆம் ஆண்டு அவர் சமைக்காத உணவைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். முளைத்த கோதுமை, அரைத்த வாதுமைப் பருப்பு, பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் ஆகியவற்றை இன்ன அளவில் உண்டேன் என்று 'யங் இந்தியா' இதழில் எழுதினார். அக்கொள்கையில் அவருக்குப் பற்று மிகுதி. ஆயினும், சில திங்களில் உடல் நலிவுற்றபோது அச்சோதனையை நிறுத்தினார். நிறுத்திய செய்தியையும் அவ்விதழிலேயே மறைக்காமல் எழுதினார். தொடங்கிய செய்தியை மட்டும் பறைசாற்றி, முடிவை மறைத்திருந்தால், அவரை நம்பிய எத்தனை பேர் அவ்வழியே சென்று துன்புற்றிருப்பர்! தாம் விரும்பிய கொள்கைக்கு மாறான முடிவையும் உலகிற்கு உரைப்பவரே சோதனை செய்யத் தகுந்தவர்.

ஒருவர் உடலில் கண்டதை எல்லார்க்கும் பொதுவாக்குதல் இயலாது என்பதால், அறிஞர் பலரையும் ஒருசேர ஆராய்வர். ஜெர்மனியில் நெடுங்காலம் பச்சை உணவையே உண்டுவந்த 201 பேரை ஆராய்ந்து, அதன் முடிவை 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களின் குருதியில் தீய கொழுப்பு குறைவாக இருந்தது, இது நன்மை. ஆனால் நூற்றுக்கு 38 பேருக்கு வைட்டமின் 'பி12' பற்றாக்குறை இருந்தது, நல்ல கொழுப்பும் பலருக்குக் குறைந்திருந்தது, இவை தீமை. பி12 குறைந்தால் சோகை வரும், நரம்பும் கெடும். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே அச்சத்து இயல்பாக உள்ளது. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இக்குறை பெருந்தீங்கு விளைக்கும். ஒரே ஆய்வு இரு பக்கமும் பேசுவதைக் கவனித்தீர்களா? நன்மையை மட்டும் எடுத்துரைப்பது விளம்பரம். இரண்டனையும் எடுத்துரைப்பது ஆராய்ச்சி.

பருகும் நீரின் அளவிலும் இருவேறு மிகைகள் பேசப்படுகின்றன. நாள்தோறும் எட்டுக் குவளை நீர் பருகியே தீர வேண்டும் என்பது ஒரு கூற்று. இது 1945ஆம் ஆண்டு அமெரிக்க உணவு ஆய்வுக் குழு ஒன்று கூறிய இரண்டரை லிட்டர் என்னும் அளவினின்று பிறந்திருக்கலாம் என்பர். அக்குழுவோ, அந்நீரின் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே அடங்கியுள்ளது என்று அடுத்த வரியில் கூறியிருந்தது. சோற்றிலும் குழம்பிலும் மோரிலும் உள்ள நீரும் நீரே அன்றோ? அடுத்த வரியைப் படியாமல் முதல் வரியை மட்டும் பரப்பினர். ஒரு செய்தியை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

வேண்டிய அளவுக்கு மேல் பருகினால் தீங்கு இல்லை என்றும் எண்ணலாகாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நிகழ்ந்த நெடுந்தொலை ஓட்டத்தில் 488 பேரின் குருதியைச் சோதித்தனர். நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச்சத்து இயல்பான அளவினும் குறைந்திருந்தது. ஓடும்பொழுது மிகுதியாக நீர் பருகியதே அதற்குப் பெருங்காரணம். மற்றொரு புறம், 'பழம் உண்டால் நீர் வேண்டா' என்பாரை நம்பிச் சித்திரை வெயிலில் வயல்வேலை செய்பவர் என் ஆவார்? கடும் வெயிலில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழப்பதுண்டு. வேர்க்கடலை பறிக்கும் தாய்மார்க்கும் கல்லுடைக்கும் தொழிலாளர்க்கும் தர்ப்பூசணிக் கீற்று நல்ல துணைதான். ஆயினும் தண்ணீர்ப் பானைக்கு அது மாற்று அன்று. வேலைக்கும் வெயிலுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப அளவு மாறும். தாகமும் சிறுநீரின் நிறமும் நலமுடையார்க்குப் பெரும்பாலும் போதிய குறிகள்.

காரத்தன்மை ஊட்டிய நீரைப் பற்றி ஒரு சொல். நம் குருதியின் காரத்தன்மை 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் எந்நேரமும் நிற்கின்றது. அதனைக் காப்பன நுரையீரலும் சிறுநீரகமும் ஆகும். பருகிய நீர் முதலில் இரைப்பையின் புளிப்பையே சந்திக்கின்றது. ஒரு குவளை நீரால் குருதியின் இயல்பை மாற்ற இயலுமாயின், ஓர் எலுமிச்சம்பழச் சாறே நம் உயிரைப் போக்கியிருக்கும்! குருதியை மாற்றும் என்று கூறிப் பொறி விற்பவர், உடல் தானே செய்துகொள்ளும் வேலைக்கு நம்மிடம் கூலி கேட்கின்றார்.

இவ்விடத்தே ஒரு வாதம் எழக்கூடும். 'எங்கள் பாட்டனார் ஏரி நீரையே பருகித் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தாரே!' என்று பலர் கூறுவர். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவரோடு பிறந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் பாலிலேயே மாண்டவர் எத்தனை பேர்? தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவர் திண்ணையில் அமர்ந்து சான்று கூறினார். ஐந்து வயதில் வாந்திபேதியால் இறந்த குழந்தை எழுந்து வந்து சான்று கூற இயலாது. பிழைத்தவரை மட்டும் எண்ணுவோர் அரைக் கணக்கைப் பார்த்து முழு முடிவு கூறுகின்றனர். ஸ்நோ மருத்துவர் இறந்தோரையும் இருந்தோரையும் ஒருங்கே எண்ணியமையால் அன்றோ உண்மையைக் கண்டார்?

எளிய மருந்து என்பதற்காக எதனையும் இகழ வேண்டுவதில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு வங்காள தேசப் போரின்போது அகதிகள் பெருந்திரளாக இந்தியாவிற்குள் வந்தனர். எல்லையில் உள்ள பன்காவ் என்னும் ஊரின் முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவந்தது. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர், நீரில் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் உரிய அளவில் கலந்து, வாய்வழியே பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் குறைவாயிற்று. வீட்டு அடுக்களையில் உள்ள பொருள்களே உயிரைக் காத்தன! அதனை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதன் எளிமை அன்று, பழமையும் அன்று. அளவு குறிக்கப்பட்டது, பயன் எண்ணப்பட்டது, பிறரும் செய்து பார்த்து அதே பயனைக் கண்டனர் என்பனவே காரணம். இன்று வயிற்றுப்போக்குக்கு அந்நீரையே மருத்துவர் முதலில் கொடுக்கின்றனர்.

ஆகவே, மாணவர்களே, உடல்நலம் பற்றிய எந்தக் கூற்றைக் கேட்டாலும் நான்கு வினாக்களை எழுப்புங்கள். இதனைக் கூறுபவர் எதனை அளந்து கண்டார்? பயன் பெற்றவரோடு பயன் பெறாதவரையும் எண்ணினாரா? பிறர் செய்து பார்த்தபொழுதும் அதே முடிவு கிடைத்ததா? இதனை நான் நம்புவதால் அவருக்கு வருவாய் உண்டா? இவ்வினாக்கள் பெரியோரை அவமதிப்பன அல்ல. நல்ல செய்தி வினாவுக்கு அஞ்சாது. பொய்யே வினாவைக் கண்டு சினம் கொள்ளும்.

இவ்வினாக்களை எழுப்பாமையால் வரும் தீங்கு சிறிதன்று. உடலில் இன்சுலின் சுரவாத நீரிழிவு நோய் குழந்தைகளுக்கும் வருவதுண்டு. 1922ஆம் ஆண்டு இன்சுலின் மருந்தாக வரும் வரையில், அத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் மடிந்தனர். இன்று அவர்கள் பள்ளியில் பயின்று, தொழில் செய்து, முதுமை காண்கின்றனர். 'பச்சைக் காய்களும் ஊற்று நீரும் போதும். ஊசியை நிறுத்துக' என்று ஒருவர் கூற, பெற்றோர் அதனை நம்பினால், அக்குழந்தை சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலையை அடையும். கூறியவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இழப்பு முழுவதும் அக்குடும்பத்திற்கே.

உங்கள் வீட்டில் குடிநீரைக் காய்ச்சுங்கள், மூடி வையுங்கள், கையிட்டு முகவாமல் பிடியுள்ள அகப்பையால் முகந்து கொள்ளுங்கள். பழத்தையும் பச்சைக் காயையும் நல்ல நீரில் கழுவி நிறைய உண்ணுங்கள்; சோற்றையும் பருப்பையும் கிழங்கையும் வேகவைத்து உண்ணுங்கள். ஊர்க்கிணற்றின் நீரையும் ஆழ்துளைக் கிணற்றின் நீரையும் ஆய்வுக்கு அனுப்புமாறு ஊராட்சியை வேண்டுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள முதியோர் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, 'இது மெய்யா?' என்று உங்களைக் கேட்பார்கள். அப்பொழுது ஆம் என்றோ இல்லை என்றோ விரைந்து கூறிவிடாமல், அவர்களோடு அமர்ந்து அந்நான்கு வினாக்களையும் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். கற்ற பிள்ளை வீட்டிற்குச் செய்யத்தக்க உதவிகளுள் அது தலையாயது.